துப்பாக்கியில் எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது

ராணுவத்தின் எம்16 துப்பாக்கியின் பொதுமக்கள் வடிவமான ஏஆர்-15 வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் எதையும் மாட்டாமல் இருப்பதுதான். கடையிலிருந்து வந்த கோலத்திலேயே சுடுதளத்துக்குக் கொண்டு வாருங்கள். நான்கைந்து சனிக்கிழமைகளில் 500 தோட்டாக்களாவது சுட்டு முடியுங்கள். எது கையை உறுத்துகிறது, எங்கே தோள் வலிக்கிறது, எந்தத் தூரத்துக்கு மேல் கண் தடுமாறுகிறது என்று உங்கள் உடம்பே சொல்லும். துணைக்கருவிப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

நான் ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு சுடுதளத்தில் ஏழு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பாதுகாப்பு அலுவலராக நிற்கிறேன். சம்பளம் கிடையாது. மற்ற நாள்களில் எண்ணெய்க் குழாய்களைக் கவனிக்கும் பொறியாளர் வேலை. சில ஆண்டுகளாக நம்மவர்கள் நிறைய வருகிறார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்த சில மாதங்களிலேயே ஒரு கறுப்புத் துப்பாக்கி; அதன்மேல் விளக்கு, லேசர், தொலைநோக்கி, முன்கைப்பிடி; மார்பில் கவசத் தகடு செருகும் பிளேட் கேரியர் என்ற மேலாடை. "அண்ணா, இன்னும் என்ன மாட்டலாம்?" என்று ஆசையோடு கேட்கிறார்கள். "எதற்காக வாங்கினாய் தம்பி?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தத் தம்பிகளுக்காகவும், அவர்களைப் பார்த்துக் கவலைப்படும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முன்னதாக ஓர் எச்சரிக்கை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் எழுதுவது கடுங்குற்றம்.

காகிதத்தில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, எதற்காக இந்தத் துப்பாக்கி என்று எழுதுங்கள். பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்களில் 72 சதவீதத்தினர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். வேட்டை 32 சதவீதம், விளையாட்டாகச் சுடுதல் 30 சதவீதம். ஆகவே உங்கள் தாளிலும் 'பாதுகாப்பு' என்ற சொல் விழக்கூடும். அத்தோடு நிறுத்தாதீர்கள். உங்கள் படுக்கையறைக் கதவிலிருந்து பிள்ளையின் அறைக் கதவு வரை எத்தனை அடி? நடுவில் எத்தனை சுவர்? அந்தச் சுவர் செங்கல்லா, ஜிப்சம் பலகையா? எங்கள் வீட்டில் 22 அடி, எல்லாமே ஜிப்சம் பலகை. தோட்டா அதைக் காகிதம்போல் துளைத்துக்கொண்டு போகும். இதை எழுதி முடித்தபோதுதான், 800 கெஜத்துக்கு அப்பால் பார்க்கும் தொலைநோக்கியை விளம்பரத்தைப் பார்த்து வாங்கியிருந்தேன் என்று எனக்கு உறைத்தது.

காட்டுப்பன்றி வேட்டைக்கு என்று எழுதினால் அது வேறு தேவை. டெக்சஸில் பன்றிகள் இரவில் வயலை உழுதுபோட்டுவிடுகின்றன. அவற்றை விரட்ட நல்ல விளக்கும் நல்ல குறிநோக்கியும் வேண்டும். போட்டிக்கு என்று எழுதினால் போட்டி விதிகளே பாதி முடிவைச் சொல்லிவிடும். "ராணுவத் துப்பாக்கிகளின் வரலாறு எனக்குப் பிடிக்கும், அந்தக் காலத்து எம்16 போலவே ஒன்று செய்து வைக்க ஆசை" என்று எழுதினாலும் அது முறையான காரணம்தான். யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்ததை கோல்ட் நிறுவனம் 1959இல் வாங்கியதும், 1964 முதல் பொதுமக்களுக்கு எஸ்பி1 என்ற பெயரில் விற்றதும் சுவையான வரலாறு. ஏஆர் என்றால் ஆர்மலைட் ரைஃபிள், அவ்வளவுதான். சேகரிப்பவர் சேகரிப்பவராகவே இருக்கட்டும். அதற்குப் பாதுகாப்பு என்ற போர்வை தேவையில்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மாட்டுவதோ கழற்றுவதோ, தொடங்கும் முன் தோட்டாக்களை அடுக்கும் மேகசினை எடுத்துவிடுங்கள், குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடத்தைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். ஏழு ஆண்டுகளில் நான் ஒருவரைக்கூட இதில் விட்டுக்கொடுத்ததில்லை.

பணம் கொடுத்து முதலில் வாங்க வேண்டியது தோள்வார். பார்க்க ஒன்றுமில்லாத ஒரு நாடா. ஆனால் இலக்குத் தாளை மாற்றப் போகும்போதும், வயலில் வேலி தாண்டும்போதும், துப்பாக்கியின் முனை எங்கே பார்க்கிறது என்பதை அதுதான் காக்கிறது. இரண்டு முனையிலும் மாட்டும் சாதாரண வார் போதும்.

தோளில் பதித்துப் பிடிக்கும், நீளம் மாற்றக்கூடிய பின்கட்டை பெரும்பாலும் துப்பாக்கியோடே வரும். கறுப்பாக, எலும்புக்கூடு மாதிரி, பார்ப்பவருக்குப் பயம் தருவது இதுதான். 1994 செப்டம்பரில் வந்து 2004 செப்டம்பரில் காலாவதியான கூட்டாட்சித் தடைச் சட்டம், மேகசின் கழற்றி மாட்டும் அரைத் தானியங்கித் துப்பாக்கியில் ஐந்து அம்சங்களைப் பட்டியலிட்டு, இரண்டு இருந்தால் தடை என்றது. நீட்டி மடக்கும் பின்கட்டை அதில் ஒன்று. கைத்துப்பாக்கியில் இருப்பது போன்ற பிடி, முனையில் பயனெட் கத்தி பொருத்தும் இடம், தீச்சுடர் மறைப்பான், குண்டெறி கருவி மாட்டும் இடம் ஆகியவை மற்றவை. என் மனைவியின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அவர் சுடும்போது நான் பின்கட்டையை மூன்று படி உள்ளே தள்ளுகிறேன். கன்னம் சரியான இடத்தில் உட்காருகிறது, குறி தவறுவதில்லை. எனக்கு இது செருப்பின் அளவு போன்ற விஷயம். தோற்றத்தை வைத்துச் சட்டம் எழுதினால் உரிமையாளர்களுக்கு ஏன் கோபம் வருகிறது என்பதை இந்தக் கட்டையைப் பிடித்துப் பார்த்தால் புரியும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் இன்றும் இத்தகைய அம்சங்களுக்குத் தடை உண்டு. மாநிலம் மாறும்போது துப்பாக்கியோடு எல்லை தாண்டும் முன் சட்டத்தைப் படியுங்கள். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல், சத்தக்குறைப்பான் ஆகிய இரண்டும் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டியவை. இணையத்தில் உதிரி கிடைக்கிறது என்பதற்காகக் கை வைக்காதீர்கள்.

வீட்டுக் காவலுக்கு விளக்கு கட்டாயம். இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் விரல் விசையை நெருங்கவே கூடாது. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வருவது உங்கள் மகனாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: துப்பாக்கியில் மாட்டிய விளக்கால் ஒன்றைப் பார்ப்பது என்றால், துப்பாக்கியையே அதன்மேல் நீட்டுவதாகும். ஆகவே தலைமாட்டில் தனியாக ஒரு கைவிளக்கும் இருக்க வேண்டும். முதலில் கைவிளக்கு, பிறகுதான் மற்றது. துப்பாக்கியில் விளக்கு மாட்டிய பத்துப் பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் வீட்டில்தான் கைவிளக்கு இருந்தது.

சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் தயாரிப்பை அமெரிக்க ராணுவம் 1997ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டது. இரண்டு கண்ணையும் திறந்து சுட முடிவது வயதான கண்களுக்குப் பெரிய உதவி. எனக்கு 52 வயது, இரும்புக் குறி மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனால் பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். நான் வாங்கிய முதல் குறிநோக்கியில், அறுபது தோட்டாவுக்குப் பிறகு 100 கெஜத்தில் குறி ஒரு சாண் விலகிப்போனது. தவறு என்னுடையது என்று நினைத்து மூன்று வாரம் மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டிருந்தேன்.

குழல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் வேண்டாம். ஏஆர்-15இல் போடும் .223 தோட்டாவின் உதைப்பு மிகக் குறைவு. பதினான்கு வயதுப் பிள்ளையும் தாங்குவாள். பிரேக் அந்த உதைப்பை இன்னும் குறைப்பதற்காக வெடிவாயுவைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கூரை போட்ட சுடுதளத்தில் அது யார்மேல் போகும்? அடுத்த மேடையில் நிற்பவர் முகத்தில். காதுக்குள் அடைப்பான், மேலே கவசம் என இரண்டும் போட்டும் நெஞ்சுக்குள் அறை விழுவதுபோல் இருக்கும். முதன்முறை சுட வந்த ஒரு பெண்மணி, பக்கத்து மேடையில் பிரேக் மாட்டிய துப்பாக்கி வெடித்ததும் கண்ணீரோடு இறங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் திரும்ப வரவில்லை.

லேசர், செங்குத்து முன்பிடி, இருகால் தாங்கி, உபரி மேகசின் செருகி ஆகியவை உங்கள் தாளில் உள்ள காரணத்தோடு ஒட்டினால் வாங்குங்கள். பெரும்பாலும் ஒட்டாது.

இவ்வளவும் மாட்ட இடம் கொடுப்பது பிக்காடினி ரயில். நியூஜெர்சியில் உள்ள பிக்காடினி ஆயுதச்சாலையின் பெயர் அது. 1995இல் ராணுவத் தர அளவாக ஆனது. நான்கு பக்கமும் பல்பல்லாக வெட்டிய அலுமினியம். காலி அலமாரியைப் பார்த்தால் எதையாவது வைக்கத் தோன்றுமே, அதே கதைதான். ராணுவத்துக்கு இது தேவை: ஒரே துப்பாக்கி இன்று ஒருவர் கையில், நாளை வேறு வேலைக்கு. உங்களுடையது ஒரே கையில், ஒரே வேலைக்கு.

என் ஷெட்டில் நடந்தது

2022 மே 24. உவால்டே ஆரம்பப் பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் ஒரு பதினெட்டு வயதுப் பையன் ஏஆர் வகைத் துப்பாக்கியால் கொன்றான். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள ஊர். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் என் மகளுக்குப் பயிற்சி வைத்தார்கள்: விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். அவளுக்கு ஒன்பது வயது. அன்று மாலை சைக்கிளை எடுக்கக் கார் ஷெட்டுக்கு வந்தவள், கொக்கியில் தொங்கிய என் பிளேட் கேரியரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பச்சைப் புள்ளித் துணி, மார்பில் மூன்று மேகசின் பை, தோளில் மண்டையோட்டுப் பட்டை. "அப்பா, இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் யாரைச் சுடுவீர்கள்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. அதற்குள் கவசத் தகடுகூடக் கிடையாது, வெறும் துணி. சுடுதளத்துக்கு இரண்டு முறை போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்திருந்தேன், அவ்வளவே அதன் பயன்.

அன்று இரவு துப்பாக்கியைப் பெட்டகத்திலிருந்து எடுத்து, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் மாட்டினேன். 4 கிலோ 700 கிராம். அறுகோணச் சாவியால் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தேன். இருகால் தாங்கி, லேசர், முன்பிடி, பெரிய தொலைநோக்கி, மாற்றுக் குறிகள், நான்கு பக்க ரயில். கழற்றிய ரயிலுக்கு அடியில் குழலைச் சுற்றி மெல்லிய துரு. இத்தனை மாட்டியவன் அடியில் ஒரு நாளும் துடைக்கவில்லை. மறுபடி தொங்கவிட்டபோது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அடுத்த சனிக்கிழமை 100 கெஜத்தில் நின்றுகொண்டு சுட்டதில், இலக்குத் தாளில் என் துளைகள் விழுந்த பரப்பு பாதியாகச் சுருங்கியது. கை நடுங்கியதற்குக் காரணம் எடைதான்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். கைத்தராசு நம் வீடுகளில் எப்படியும் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி எடை பாருங்கள். பிறகு தாளில் எழுதிய காரணத்தைப் படித்துவிட்டு, தேவையானதை மட்டும் திரும்ப மாட்டுங்கள். மேசையில் மிஞ்சியதை விற்றுவிடுங்கள்.

அந்தப் பணத்தில் ராணுவத்திலிருந்து வந்த வேறொரு பொருளை வாங்குங்கள்: டூர்னிக்கே. கையிலோ காலிலோ அடிபட்டு ரத்தம் பீறிட்டால் இறுக்கிக் கட்டி நிறுத்தும் பட்டை. ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுத்தரும் 'ஸ்டாப் த பிளீட்' வகுப்புகள் 2015 முதல் அமெரிக்கா முழுவதும் நடக்கின்றன. சுடுதளத்தில் மார்பு நிறைய மேகசின் மாட்டிவருபவரிடம் டூர்னிக்கே இருக்கிறதா என்று நான் கேட்பதுண்டு. இருந்தால் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு. நெடுஞ்சாலை விபத்திலும் அது உதவும்.

சட்டையில் ஒட்டும் பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டையோடு, ஸ்பார்ட்டத் தலைக்கவசம், படைப்பிரிவுச் சின்னம் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. நீங்கள் பணியாற்றாத படைப்பிரிவின் சின்னத்தை ஒருபோதும் ஒட்டாதீர்கள். எங்கள் சுடுதளத்துக்கு வியட்நாமில் போரிட்ட முதியவர் ஒருவர் மரப் பின்கட்டை வைத்த பழைய பாணித் துப்பாக்கியோடு வருவார். அந்தச் சீருடையைக் கழற்றும் நாளுக்காக நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்ததாக ஒருமுறை சொன்னார். அவர் எதிரில் அந்த வேடம் போட எனக்கு மனம் வரவில்லை. பீரங்கி வரைந்து 'வந்து எடுத்துக்கொள்' என்று எழுதிய கொடியை ஒட்ட விரும்பினால், கொன்சாலஸ் ஊருக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1835 அக்டோபரில் ஒரு சிறிய பீரங்கிக்காக அங்கே மூண்ட சண்டையிலிருந்து வந்த கொடி அது. கதை தெரிந்து ஒட்டுவது வேறு.

இரண்டு கட்சிகள்

சுடுதளத்தில் இரண்டு கட்சிகள் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள். மரக்கட்டையும் நீலம்பாரித்த இரும்பும்தான் துப்பாக்கி என்பவர்களை இளையவர்கள் 'ஃபட்' என்பார்கள். கார்ட்டூனில் முயலைத் துரத்தும் வேட்டைக்காரரின் பெயர். எல்லாவற்றையும் மாட்டிவருபவரை மூத்தவர்கள் 'டாக்டிகூல்' என்பார்கள். இரண்டுமே வசைச்சொல். நீங்கள் இரண்டையும் சொல்லாதீர்கள்.

இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2007 பிப்ரவரி சாட்சி. ஜிம் ஜம்போ என்ற புகழ்பெற்ற வேட்டை எழுத்தாளர், வேட்டையில் ஏஆர் வகைக்கு இடமில்லை என்று எழுதி, அவற்றைப் பயங்கரவாதத் துப்பாக்கிகள் என்றார். சில நாள்களில் பத்திரிகைப் பணி போனது. ரெமிங்டன் நிறுவனம் உறவை முறித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். 2009இல் துப்பாக்கித் தொழில் அமைப்பு இவற்றுக்கு 'நவீன விளையாட்டுத் துப்பாக்கி' என்று பெயர் சூட்டியது. அதே தொழில் இன்னொரு பக்கம் வேறு மாதிரியும் விற்றது: இதை வாங்கினால் உங்கள் ஆண்மைக்கான சான்று திரும்பக் கிடைக்கும் என்ற பொருளில் புஷ்மாஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனம் விளம்பரம் செய்தது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் புஷ்மாஸ்டர் துப்பாக்கியால் நடந்த சூட்டில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் இந்த விளம்பர முறையைக் காரணம் காட்டி வழக்குத் தொடுத்தன. 2022 பிப்ரவரியில் 7.3 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. தோற்றம் ஒன்றுமே இல்லை என்று வாதிடும் நண்பர்களிடம் இந்த விளம்பரத்தைத்தான் நினைவூட்டுவேன். தோற்றத்தை விற்றிருக்கிறார்கள், நாம் வாங்கியிருக்கிறோம்.

யாராவது தோற்றத்தைப் பற்றி வாதம் செய்ய வந்தால், ஒரு ரூகர் மினி-14ஐ ஏஆர் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மரக்கட்டையோடு பார்த்தால் பண்ணை வீட்டுத் துப்பாக்கி போலிருக்கும். அதே தோட்டா, அதே ஒரு விசைக்கு ஒரு வெடி. இரண்டாலும் பத்துப் பத்து சுடச் சொல்லுங்கள். வாதம் தானாக அடங்கும்; மரத்துப்பாக்கிக்கும் அதே அச்சம் உரியது என்பதும் விளங்கும்.

சுடுதளத்துக்கு வெளியே

காரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோகும்போது மூடிய பையில் வையுங்கள். ராணுவப் பச்சை வேண்டாம். கிட்டார் பை, டென்னிஸ் பை போன்ற வடிவில் வருகின்றன. காரின் பின்கண்ணாடியில் துப்பாக்கி நிறுவன ஒட்டி எதற்கு? அது திருடனுக்கு அனுப்பும் அழைப்பு.

டெக்சஸில் நீளத்துப்பாக்கியை வெளிப்படையாகத் தூக்கிச் செல்லலாம். 2014இல் சிலர் ஏஆர் துப்பாக்கிகளை முதுகில் மாட்டிக்கொண்டு உணவகங்களுக்குப் போனார்கள், உரிமையைக் காட்டுவதற்காக. சிப்போட்லே உட்பட நிறுவனங்கள் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்ஆர்ஏ அமைப்பே இதை விசித்திரமானது என்று எழுதிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. எனக்கு இதில் குழப்பமே இல்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாய், வாசலில் நுழைபவர் உரிமையைக் காட்ட வருகிறாரா, கொல்ல வருகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? அதுவும் நம் நிறத்தில், நம் பெயரில் ஒருவர் அப்படி நடந்துபோனால் போலீஸ்காரர் எத்தனை விநாடி யோசிப்பார்? கொண்டுபோகாதீர்கள்.

கம்பம் பக்கம் என் தாத்தாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தோட்டத்தில் பன்றி விரட்ட. பழைய வேட்டியில் சுற்றி, மேலே சாக்கைப் போர்த்தித்தான் வீதியில் நடப்பார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம் துப்பாக்கி இருந்ததே தெரியாது.

இப்போது என்னுடையதில் இருப்பவை: தோள்வார், ஒரு விளக்கு, ஒரு சிவப்புப் புள்ளி. தம்பிகளின் துப்பாக்கியைச் சரிபார்க்கும்போது கடைசியாக ஒன்று செய்து கொடுப்பேன். மாட்டிய ஒவ்வொன்றின் திருகையும் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்கி, திருகின் தலையிலிருந்து அது பதிந்திருக்கும் சட்டகம் வரை வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பேன். ஒவ்வொரு முறை சுடப் போகும் முன்பும் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. முடுக்கிவிட்டு, குறியைத் திரும்பச் சரிபார்த்த பிறகு சுடுங்கள்.